சிவப்பு விளக்கு எரியாத மாதம்

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என் வீட்டுக்காரர் கையில் ஜாங்கிரி டப்பாவோடு வந்து நின்றார். செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே மூடியைத் திறந்துவிட்டார். நெய்யும் ஏலக்காயும் கலந்த வாசனை ஹாலைத் தாண்டிச் சமையலறை வரைக்கும் வந்தது.

"இன்னாயா விசேஷம்? இன்க்ரிமென்ட் போட்டுட்டாங்களா?" என்று கேட்டேன்.

"அவனுக எங்க போடப் போறானுக. நம்ம வீட்டு லைன் ஒரு மாசமா நிக்காம ஓடியிருக்குல்ல, அதுக்குத்தான்" என்று சுவரைக் காட்டினார்.

சுவரில் ஒரு பலகை. அதில் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று மூன்று சிறிய பல்புகள். பச்சை மட்டும் எரிந்துகொண்டிருந்தது. சிவப்பு பல்பின்மேல் தூசி படிந்திருந்தது. அதைப் பார்க்க எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

எங்கள் மகள் தர்ஷினிக்கு அப்போது எட்டு வயது. பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தி, வீட்டிலேயே வைத்துச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தோம். பாடம் புரிந்தால் பச்சை. சந்தேகம் என்றால் மஞ்சள். சுத்தமாகப் புரியவில்லை என்றால் சிவப்பு ஸ்விட்சைப் போட வேண்டும். நாங்கள் எந்த வேலையில் இருந்தாலும் அப்படியே போட்டுவிட்டு ஓடிவருவோம். இதுதான் ஏற்பாடு.

ஒரு மாதமாக அவள் சிவப்பைத் தொடவே இல்லை. அப்படியென்றால் ஒரு மாதமாக அவளுக்கு எல்லாமே புரிந்திருக்கிறது. கம்பெனியில் ஒரு மாதம் உற்பத்தி லைன் நிற்காமல் ஓடினால் ஸ்வீட் கொடுப்பார்கள். வீட்டில் மட்டும் கொடுக்காமல் இருந்தால் எப்படி?

முதல் ஜாங்கிரியை அவள் கையில் வைத்தார். நான் கைதட்டினேன். அவர் செல்போனில் ஒரு படம்கூட எடுத்தார்.

தர்ஷினி அதைக் கடிக்கவில்லை. பாகு விரலிடுக்கில் வழிய வழியக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள்.

"சாப்புடு தாயி" என்றார் அவர்.

"அப்பறமா சாப்புடறேன்பா."

எட்டு வயதுப் பிள்ளை ஜாங்கிரியைப் பார்த்து 'அப்புறமா' என்று சொல்கிறது. அந்த இடத்திலேயே எனக்கு உறைத்திருக்க வேண்டும். நான்தான் இரண்டாவது ஜாங்கிரியில் இருந்தேனே.

எங்கள் கம்பெனி கேன்டீனைப் பற்றி இந்தப் பத்திரிகையில் சென்ற வாரம் எழுதியதைப் படித்துவிட்டு, 'அப்புறம் எதுக்காக அந்த வேலையை விட்டீர்கள்?' என்று சிலர் கேட்டிருக்கிறார்கள். இந்தப் பல்புப் பலகையைச் சொல்லாமல் அதைச் சொல்ல முடியாது. கொஞ்சம் சுற்றிக்கொண்டுதான் வர வேண்டும்.

நீல பஸ், வெள்ளை பஸ்

நான் சேரப்பணஞ்சேரிக்காரி. அவர், அதாவது மாரிச்சாமி, கோவில்பட்டிப் பக்கம். ஒரகடத்துக்கு வேலைக்கு வந்து, கம்பெனி பஸ்ஸில் எனக்குப் பின் சீட்டில் உட்கார ஆரம்பித்தவர், பிறகு பக்கத்து சீட்டுக்கு வந்து, அப்படியே என் ஊரிலேயே தங்கிவிட்டார். நான் அவரை 'இன்னாயா' என்று கூப்பிடுவதைக் கேட்டு அவருடைய அம்மா முதல் முறை கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். பத்திரிகையில் எழுதும்போதுதான் அவருக்கு 'வந்தார், போனார்' எல்லாம்.

அவருக்குக் காலை ஷிஃப்டும் எனக்கு நைட் ஷிஃப்டும் விழும் வாரங்களில், பள்ளிக்கூடம் விட்டதும் தர்ஷினியும் நானும் பஸ் ஸ்டாப்புக்குப் போய் நிற்போம். அந்த நேரத்தில் கம்பெனி பஸ்களாகத்தான் வரும். ஒன்றன்பின் ஒன்றாக, புழுதியைக் கிளப்பிக்கொண்டு. அவள் தூரத்திலேயே, "அது இல்ல, அது இல்ல, தோ பாரு, அதான் அப்பா பஸ்சு" என்பாள். ஒரு நாளும் தப்பியதில்லை. கண்ணாடியில் வைத்திருக்கும் இங்கிலீஷ் போர்டைப் படித்துத்தான் சொல்கிறாள் என்று நினைத்து, பக்கத்து வீட்டு மேரி அக்காவிடம் நிறையப் பீற்றியிருக்கிறேன்.

ஒரு நாள் கான்ட்ராக்டர் பஸ்ஸை மாற்றிவிட்டார். நீல பஸ் போய் வெள்ளை பஸ் வந்தது. கண்ணாடியில் அதே போர்டு, அதே பெரிய எழுத்து.

"இது நம்ம பஸ்சு இல்ல" என்றாள் தர்ஷினி.

பஸ் நின்றது. அவளுடைய அப்பா இறங்கினார்.

"நீ ஏம்பா வேற பஸ்சுல வந்த?"

நான் போர்டைக் காட்டி, "அதே பேருதானே போட்டுகீது, படி பாக்கலாம்" என்றேன்.

"தெரியும்மா."

"தெரிஞ்சா படி."

"தெரியும்மா" என்று மறுபடியும் சொல்லிவிட்டு என் புடவையைப் பிடித்துக்கொண்டாள். அதற்குமேல் ஒரு எழுத்தும் வரவில்லை.

மூன்றாம் வகுப்பு முடிக்கப்போகும் பிள்ளை. ரிப்போர்ட் கார்டில் எல்லாப் பாடத்திலும் நல்ல கிரேடு. நீல பெயின்ட்டையும், முன்னால் தொங்கிய எலுமிச்சம்பழத்தையும் பார்த்துத்தான் அவள் அத்தனை நாள் பஸ்ஸைக் கண்டுபிடித்திருக்கிறாள்.

பள்ளிக்கூடத்துக்குப் போய்க் கேட்டேன். "உங்க பொண்ணா? ரொம்ப நல்ல பொண்ணுங்க. சத்தமே போட மாட்டா. கேட்டா டக்குனு ஒப்பிச்சிருவா" என்று அந்த மிஸ் சந்தோஷமாகத்தான் சொன்னார். அவர் வகுப்பில் அத்தனை பிள்ளைகள். அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. ஆனால் 'சத்தமே போட மாட்டா' என்பது மட்டும் வீடு வரைக்கும் கூடவே வந்தது.

வீட்டுக்குள் ஒரு ஃபேக்டரி

வீட்டிலேயே வைத்துச் சொல்லிக்கொடுக்கலாம் என்ற யோசனை என்னுடையதுதான். ஆபீஸ் உத்தியோகக்காரர்கள் சிலர் அப்படிச் செய்வதாகக் கேள்விப்பட்டிருந்தேன். பெரிய பரீட்சையைப் பின்னால் தனியாக எழுதிக்கொள்ளலாம் என்றார்கள். வேலையை விட்டேன்.

அவர் முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. பிறகு ஒரு நிபந்தனை போட்டார்.

"அடுத்த ஜூன் வரைக்கும் பாப்போம். அதுக்குள்ள அவளா ஒரு பக்கம் இங்கிலீஷ் வாசிக்கணும். இல்லன்னா பேசாம ஸ்கூல்லயே சேத்துரணும், சரியா?"

அந்த 'ஸ்கூல்லயே' என்பதில் ஒரு முள் இருந்தது. நாங்கள் விசாரித்த பள்ளிக்கூடத்தில், இங்கிலீஷ் வாசிக்கத் தெரியாவிட்டால் இரண்டாம் வகுப்பில்தான் உட்கார வைப்போம் என்று சொல்லியிருந்தார்கள். தர்ஷினி வயதுக்கு மீறிய உயரம். தன் தோளுக்கு வராத பிள்ளைகளோடு அவள் கடைசி பெஞ்சில் குனிந்து உட்கார்ந்திருப்பது என் கண்முன் வந்துகொண்டே இருந்தது. அவளும் இதையெல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

மேரி அக்கா மறுநாளே வந்துவிட்டார். "இன்னா சுமதி, பொண்ண வூட்டுலயே வச்சிகினுகீற? அதுக்குள்ள வயசுக்கு வந்துட்டாளா?"

"எட்டு வயசுக்கா."

"அதான் கேக்கறேன். இப்பல்லாம் சொல்ல முடியாது."

இல்லை, படிக்க வைக்கிறோம் என்றேன். அக்கா என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். படிக்க வைப்பதற்காகவே பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தினோம் என்பதை எங்கள் வீட்டு வரிசையில் இருக்கும் ஒருவரிடமும் என்னால் புரியவைக்க முடியவில்லை. கொஞ்ச நாளில் முயற்சியை விட்டுவிட்டேன்.

எங்கள் இரண்டு பேருக்கும் தெரிந்தது ஃபேக்டரி மட்டும்தான். அதனால் பள்ளிக்கூடத்தையும் ஃபேக்டரி போலத்தான் திட்டம் போட்டோம். அவருடைய ஷிஃப்ட் வாரத்துக்கு வாரம் மாறும். டைம்டேபிளும் கூடவே மாறும். காலை ஷிஃப்ட் வாரத்தில் சாயங்காலம் அவர் கணக்கு சொல்லிக்கொடுப்பார். மத்தியான ஷிஃப்ட் வாரத்தில் காலையிலேயே கணக்கு. நைட் ஷிஃப்ட் வாரத்தில் அவர் பகலெல்லாம் தூங்குவார், அதனால் சத்தம் வராத பாடங்கள் மட்டும்: எழுதுவது, படம் வரைவது, விதை முளைப்பதைப் பார்ப்பது.

இதில் எனக்கு வேடிக்கையாக இருந்தது ஒன்று. தர்ஷினி கிழமைகளையே மறந்துவிட்டாள். "மேரி பெரிம்மா வூட்ல எப்ப கேக் வெட்டுவாங்க?" என்று நான் கேட்டால், "அடுத்த சத்தம் போடாத வாரத்துல" என்பாள். சொன்னபடி சரியாகவும் இருக்கும்.

அவர் தரையில் மஞ்சள் டேப் ஒட்டினார். இந்தக் கோட்டுக்குள் பாய், இந்தக் கோட்டுக்குள் புத்தக அலமாரி. கத்தரிக்கோல் மாட்டும் ஆணிக்குப் பின்னால் கத்தரிக்கோல் மாதிரியே படம் வரைந்தார். ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் என் தோசைக்கல்லுக்குப் பின்னாலும் வட்டம் போட்டிருந்தது. இனிமேல் என்னைச் சுற்றியும் கோடு போட்டுவிடுவாயா என்று கேட்டேன். சிரிக்காமல் யோசித்தார்.

கடைசியாகத்தான் அந்தப் பல்புப் பலகை. ஸ்ரீபெரும்புதூர் எலக்ட்ரிகல் கடையில் ஸ்விட்ச், ஒயர், பல்பு எல்லாம் வாங்கிவந்து, லீவு நாளில் உட்கார்ந்து அவரே செய்தார். அவர் வேலை செய்யும் லைனிலும் அப்படி ஒரு விளக்கு உண்டு. எந்தத் தொழிலாளியும் ஒரு கோளாறைப் பார்த்தால் சிவப்பைப் போட்டு மொத்த லைனையும் நிறுத்தலாம். அது தொழிலாளிக்குக் கொடுத்திருக்கும் மரியாதை என்று பயிற்சியில் சொல்வார்கள்.

பயிற்சியில் அப்படிச் சொல்வார்கள். சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்தால் அவர் சொல்வது வேறு.

"இன்னைக்கு எவனோ ஒருத்தன் ரெட்டப் போட்டுட்டான். மொத்த லைனும் நின்னுபோச்சு. அவன நடுவுல நிக்க வச்சு, எதுக்குடா போட்டேன்னு நல்லா கேட்டேன். இனி ஜென்மத்துக்கும் அந்தப் பக்கம் கை போகாது அவனுக்கு."

இதைச் சொல்லிச் சிரித்துக்கொண்டே ரசம் ஊற்றிக்கொள்வார். நானும் சிரிப்பேன். தர்ஷினி எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் உட்கார்ந்து சாதத்தைப் பிசைந்துகொண்டிருப்பாள்.

ஜான்சி

ஜாங்கிரி சாப்பிட்ட நாலாம் நாள் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தபோது எனக்கு ஜான்சி ஞாபகம் வந்தாள். ஏன் வந்தாள் என்று அந்த நேரத்தில் தெரியவில்லை.

காருக்குள் ஓடும் ஒயர்களையெல்லாம் சேர்த்துக் கட்டிய கொத்தைச் செய்யும் கம்பெனியில் நான் குவாலிட்டியில் இருந்தேன். ஒவ்வொரு ஒயரும் அதனதன் துளையில் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பிடித்து லேசாக இழுத்துப் பார்க்க வேண்டும். குறை கண்டுபிடிப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். அது வீட்டிலும் தொடர்கிறது என்று மாரிச்சாமி சொல்வார்.

ஒரு செக்‌ஷனில் தொடர்ந்து சில மாதம் ஒரு பீஸ்கூட ரிஜெக்ட் ஆகவில்லை. கேன்டீன் பக்கத்துச் சுவரில் பெரிய பூஜ்யம் போட்டுக் கீழே அந்தப் பெண்களின் போட்டோவை ஒட்டினார்கள். மைசூர்பாகு கொடுத்தார்கள். பிறகு ஒரு நாள் பழைய அட்டைப்பெட்டிகளை வெளியே தள்ளும்போது ஒரு பெட்டி மட்டும் கனத்தது. திறந்தால் உள்ளே தப்பாகச் செருகிய ஒயர்க் கொத்துகள். பாம்புக்குட்டிகள் மாதிரிச் சுருட்டி வைத்திருந்தார்கள்.

வைத்தவள் ஜான்சி. விழுப்புரம் பக்கத்துப் பெண். கம்பெனி ஹாஸ்டலில் இருந்தாள். ஆளாளுக்கு அவளைச் சுற்றி நின்று, தப்பு நடந்தால் சொல்ல வேண்டியதுதானே, எதற்கு ஒளித்தாய் என்று கேட்டார்கள். நானும் கேட்டேன்.

"இதுக்கு முன்னாடி தப்பச் சொன்ன பொண்ண நடுவுல நிக்க வச்சி எப்படிக் கேட்டீங்கன்னு நான் பாத்துகினுதானேக்கா இருந்தேன்" என்றாள்.

இப்போதும் நாங்கள் அவளை நடுவில் நிற்க வைத்துத்தான் கேட்டுக்கொண்டிருந்தோம். அது யாருக்கும் தோன்றவில்லை.

அதிலிருந்து பூஜ்யம் போட்ட சார்ட் எதைப் பார்த்தாலும் எனக்குச் சந்தேகம் வரும். அந்த செக்‌ஷனில்தான் கூடுதலாக நாலு பீஸை எடுத்து இழுத்துப் பார்ப்பேன். அப்படிப்பட்டவள் என் சொந்த வீட்டில் ஒரு மாதம் பச்சை விளக்கைப் பார்த்துப் பூரித்து உட்கார்ந்திருந்தேன். துலக்கிக்கொண்டிருந்த பாத்திரத்தைப் பாதியில் வைத்துவிட்டுக் கையைத் துடைத்தேன்.

சேர்த்துத் திருப்பிய பக்கம்

தர்ஷினி பாயில் இருந்தாள். இங்கிலீஷ் ரீடரை எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"நேத்து படிச்ச பாடத்த அம்மாவுக்குப் படிச்சிக் காட்டு."

படித்தாள். விரல் வரிக்கு வரி நகர்ந்தது. நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தினாள். முற்றுப்புள்ளியில் மூச்சு விட்டாள். ரேடியோவில் கேட்பதைப் போல இருந்தது.

பக்கம் முடிந்தது. நானே திருப்பினேன். ஒன்றுக்கு இரண்டு தாளாகச் சேர்த்துத் திருப்பினேன்.

அவள் நிறுத்தவில்லை. பழைய பாடத்தின் அடுத்த பக்கம் அப்படியே வந்தது. எதிரே இருந்ததோ வேறொரு கதை. ஒரு யானைப் படம் போட்டிருந்தது. அவள் விரல் யானைக் கதையின் மேல் ஊர்ந்துகொண்டிருந்தது, வாய் சந்தைக்குப் போன கிழவரைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தது.

யானையைப் பார்த்த பிறகுதான் அவள் குரல் கொஞ்சம் இறங்கியது. விரல் நின்றது. என் முகத்தைப் பார்க்கவில்லை.

"தெரியுமாடா செல்லம்?"

"தெரியும்மா."

எனக்கு முதலில் வந்தது கோபமோ அழுகையோ இல்லை. ஆச்சரியம். நான் ஒரு முறை படித்துக் காட்டுவதை இவள் கேட்டு, ஒரு வார்த்தை பிசகாமல் மனதில் வாங்கி, எந்த வரி எங்கே முடிகிறது என்று விரலுக்கும் சொல்லிக்கொடுத்து, பக்கம் திருப்பும் நேரத்தையும் கணக்குப் போட்டிருக்கிறாள். படிப்பதைவிட இது பல மடங்கு கஷ்டமான வேலை. தெரியாது என்ற ஒரு வார்த்தையைச் சொல்லாமல் இருப்பதற்காக எட்டு வயதில் இத்தனை பாடு. இதை எங்கே கற்றுக்கொண்டாள் என்று தெரிந்துகொள்ள எனக்கு ஆசையாகவே இருந்தது.

அழுகை பிறகு வந்தது. சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்து வைத்துக்கொண்டு அழுதேன்.

கண்ணாடி முன்னால்

அவர் ஷிஃப்ட் முடிந்து வந்து சாப்பிட்டதும் சொன்னேன். நம்பவில்லை. "நல்லாத்தானே வாசிக்கா? நேத்துக்கூட என் முன்னாடி வாசிச்சாளே" என்றார். பிறகு அவரே புத்தகத்தை எடுத்து, நான் செய்ததைச் செய்து பார்த்தார். யானைப் படம் வந்தது. கிழவர் சந்தைக்குப் போனார்.

புத்தகத்தை மூடிவிட்டு எழுந்தார். முகம் சிவந்திருந்தது.

"போதும் சுமதி. நமக்கு இது ஆகாது. ஜூன்ல ஸ்கூல்ல சேத்துருவோம். ரெண்டாம் வகுப்புன்னா ரெண்டாம் வகுப்பு. என்ன செய்ய?"

"கத்தாத. அவ இங்கதான் உக்காந்துகீறா."

"கேக்கட்டும். ஒரு மாசமா ஏமாத்தியிருக்கா. எங்கிட்டுக் கத்துக்கிட்டா இந்தப் புத்திய? பச்ச லைட்டு எரியுதுன்னு நான் போயி ஜாங்கிரி வாங்கிட்டு வந்திருக்கேன்."

நான் சொல்லியிருக்க வேண்டாம். ஆனால் சொன்னேன்.

"எங்க கத்துகினாளா? ஒவ்வொரு திங்கக்கிழமையும் கண்ணாடி முன்னாடி நின்னுகினு நீ இன்னா பண்றன்னு யோசிச்சிப் பாரு."

அவர் திரும்பிக் கண்ணாடியைப் பார்த்தார்.

விஷயம் இதுதான். அவர் டீம் லீடர் ஆனதிலிருந்து திங்கட்கிழமை தோறும் மேனேஜர் முன்னால் இங்கிலீஷில் ரிப்போர்ட் சொல்ல வேண்டும். கூட வேலை செய்யும் ஒரு பையன் எழுதிக்கொடுப்பதைத் தமிழ் எழுத்தில் எழுதிவைத்துக்கொண்டு, சட்டைக்கு அயர்ன் போடும்போது, தலை வாரும்போது, கண்ணாடி முன்னால் சொல்லிச் சொல்லி மனப்பாடம் செய்வார். எங்கே நிறுத்த வேண்டும், எங்கே கையைக் காட்ட வேண்டும் என்பதுகூட உண்டு. தர்ஷினி பல் தேய்த்துக்கொண்டே அதைப் பார்ப்பாள். அவளுக்கும் அந்த ரிப்போர்ட் மனப்பாடம்.

பக்கத்து வீட்டில் மேரி அக்காவின் மிக்ஸி ஓடி நின்றது.

அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறினார். பலகையைக் கழற்றி, ஒயரைச் சுற்றி, பரண்மேல் வைத்தார். இறங்கிவந்து மஞ்சள் கோட்டுக்கு வெளியே தரையில் உட்கார்ந்தார். தர்ஷினி முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"தாயி, அப்பா ஒண்ணு சொல்லட்டா?"

அவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

"போன திங்கக்கிழம ரிப்போர்ட் சொல்லி முடிச்சேன்ல. அப்ப மேனேஜர் ஏதோ ஒரு கேள்வி கேட்டாக. அது நம்ம பேப்பர்ல இல்ல. என்ன கேட்டாகன்னே அப்பாவுக்குத் தெரியல."

"நீ இன்னா சொன்ன?"

"எஸ் சார்னு சொன்னேன்."

"அப்பறம்?"

"அவுக மறுபடியும் கேட்டாக. மறுபடியும் எஸ் சார்னேன். பக்கத்துல இருந்தவனுக சிரிச்சுட்டானுக."

இதை அவர் என்னிடமே சொல்லியிருக்கவில்லை. அந்தத் திங்கட்கிழமை வீட்டுக்கு வந்து தலைவலி என்று படுத்தது எனக்கு ஞாபகம் வந்தது. ஒரு மாத்திரையைக் கொடுத்துவிட்டு நான் சீரியல் பார்க்கப் போயிருந்தேன். எனக்கு அவர்மேல் அவ்வளவு பாவமாக இருந்தது. கொஞ்சம் முன்னால் கண்ணாடியைச் சொல்லிக் காட்டியதற்காக நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

தர்ஷினி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பயந்த பார்வை இல்லை. பஸ் ஸ்டாப்பில் எந்தப் பஸ் என்று பார்ப்பாளே, அந்தக் கவனம்.

"உன்ன நடுவுல நிக்க வச்சாங்களாபா?"

"இல்ல தாயி."

"திட்டுனாங்களா?"

"திட்டல. சிரிச்சாக, அம்புட்டுத்தான்."

"தெரியலன்னு சொல்லியிருந்தா?"

அவர் யோசித்தார். அவசரப்படாமல் நிஜமாகவே யோசித்தார். "தெரியல தாயி. அப்பா இன்னும் ஒருக்காகூடச் சொல்லிப் பாக்கலயே."

அவள் எழுந்தாள். அலமாரிக்குப் போய், புதுப் புத்தகங்களையெல்லாம் ஒதுக்கி, அடியிலிருந்து ஒரு புத்தகத்தை உருவினாள். அட்டை கிழிந்த ஒன்றாம் வகுப்பு இங்கிலீஷ் ரீடர். அதைக் கொண்டுவந்து அப்பாவின் முன்னால் தரையில் வைத்துத் திருப்ப ஆரம்பித்தாள். பூனை, பந்து, குடை என்று பக்கத்துக்குப் பக்கம் படம். ஒவ்வொன்றையும் தாண்டிப் போய் ஓரிடத்தில் நிறுத்தினாள். அந்தப் பக்கத்தில் படம் எதுவும் இல்லை. எழுத்து மட்டும்தான்.

விரலை அங்கே வைத்தாள்.

"இங்கேர்ந்து எனக்குத் தெரியலபா."

இரண்டு வருஷமாக அந்தப் பக்கம் அவளுக்கு ஞாபகம் இருந்திருக்கிறது. எங்கே விட்டுப்போனது என்று எங்கள் யாரையும்விட அவளுக்குத்தான் துல்லியமாகத் தெரிந்திருக்கிறது. நான் சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்தேன். உள்ளே போய் அவளைத் தூக்கிக்கொள்ள வேண்டும் போல இருந்தது. கலைத்துவிடுவேனோ என்று பயந்து அங்கேயே நின்றேன்.

அவர் புத்தகத்தைத் தன் பக்கம் இழுத்தார். கண்ணைச் சுருக்கிக்கொண்டு முதல் வரியைப் பார்த்தார். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. இரண்டாவது வரியைப் பார்த்தார். பிறகு, நான் அவரோடு வாழ்ந்த இத்தனை வருஷத்தில் ஒரு முறையும் கேட்காததைச் சொன்னார்.

"எனக்கும் கிட்டத்தட்ட இங்கிட்டு இருந்துதான் தாயி தெரியல."

தர்ஷினி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு பாயில் நகர்ந்து உட்கார்ந்து, அப்பாவுக்கு இடம் விட்டாள்.